கிட்டங்கித் தெரு கொடுத்த ராகு காலம்

கோவில்பட்டியில் மற்ற தெருக்களுக்கெல்லாம் தினமும் ஒன்றரை மணி நேரம் ராகு காலம் வழக்கம்போல் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தபோது, கிட்டங்கித் தெருவுக்கு மட்டும் அது கொஞ்ச காலம் இல்லாமல் இருந்தது. யாரும் திருடவில்லை, யாரும் பிடுங்கவும் இல்லை, தெருக்காரர்களே வீடு வீடாக வந்து அதைச் செண்பகவல்லியிடம் ஒப்படைத்தார்கள், பழைய பேப்பர்காரனிடம் போடுகிற மாதிரி, இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது எடுத்துக்கொண்டு போ தாயி என்று சொல்லிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு சந்தோஷமாகத் திரும்பிப் போனார்கள். ஒன்றுக்கும் உதவாதது என்று தோன்றிவிட்டால் அதைக் கொடுப்பதில் மனிதர்கள் காட்டுகிற தாராளத்துக்கு அளவே கிடையாது.

செண்பகவல்லி அந்தத் தெருவில் ஆவுடைத்தங்கத்தின் மருமகள். பின்கட்டு அறையில், அரிசி டிரம்முக்கும் பீரோவுக்கும் நடுவில் மேஜை போட்டு, லேப்டாப்பை வைத்துக்கொண்டு, கண்ணால் பார்த்தறியாத வெளிநாட்டுக்காரர்களுக்கு உதவியாளராக வேலை பார்த்தாள். கம்பெனி கிடையாது, மேனேஜர் கிடையாது, லீவும் கிடையாது. அவர்களுக்கு வருகிற மெயில்களைப் பிரித்துப் பதில் எழுதுவது, யாரை எப்போது சந்திக்க வேண்டும் என்று காலண்டரில் குறிப்பது, விமானச் சீட்டு எடுப்பது, பல் டாக்டரிடம் நேரம் வாங்கித் தருவது, பெண்டாட்டி பிறந்த நாளைக்குப் பூங்கொத்து அனுப்பி அதில் புருஷனின் அன்பையும் தானே எழுதிச் சேர்ப்பது எல்லாம் அவள் பொறுப்பு. லீட்ஸ் நகரத்தில் ஒருவர் நாய்களுக்கு மெத்தை விற்றார். மெல்போர்னில் பிராட்லி என்று ஒருவர், அவருக்கு நேரத்தை நிர்வகிப்பது எப்படி என்று உலகத்துக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் தொழில். தான் இன்றைக்கு மதியம் சாப்பிட்டோமா இல்லையா என்பதை மட்டும் செண்பகவல்லியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். மருமகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது விசாரித்தால், கம்ப்யூட்டரில் எடுபிடி என்று ஆவுடைத்தங்கம் சொல்லுவாள், அதில் பெரிய தப்பும் இல்லை.

பிராட்லியின் பாடங்களை அடித்துத் திருத்தி அனுப்புவதும் செண்பகவல்லிதான் என்பதால் அவளுக்கு அது மனப்பாடம். நாளைக் கட்டம் கட்டமாகப் பிரி, கட்டத்துக்கு ஒரு நிறம் கொடு, ஒரு கட்டத்தில் ஒரு வேலை, நேரம் யாருக்கும் கிடைப்பதில்லை, எடுத்துக்கொள்கிறவர்களுக்கே அது சொந்தம். அவளும் அப்படியே செய்து பார்த்தாள். பிராட்லிக்கு மஞ்சள், நாய் மெத்தைக்குப் பச்சை, சமையலுக்கு ஆரஞ்சு. ஊர் ஊராகக் கடலை மிட்டாய் ஆர்டர் எடுக்கப் போய்விட்டு வாரத்துக்கு இரண்டு நாள் வீடு திரும்புகிற கணவன் தங்கமாரியப்பனுக்கு ஒரு வெளிர்நீலக் கட்டம், அது பெரும்பாலும் மஞ்சளுக்கு அடியில் போய்விடும், அவனும் ஒன்றும் சொல்ல மாட்டான், நல்ல மனிதன். மாமியாருக்கு மட்டும் நிறம் இல்லை, ஏனென்றால் ஆவுடைத்தங்கம் எல்லாக் கட்டத்துக்குள்ளும் வந்தாள். இது போதாதென்று, செண்பகவல்லி நிஜமாகவே வேலை பார்க்கிறாளா என்று அறிய, லேப்டாப்பில் ஒரு செயலி கொஞ்ச நேரத்துக்கொரு தரம் அவள் திரையைப் படம் பிடித்து மெல்போர்னுக்கு அனுப்பியது. குழம்பைத் தாளித்துவிட்டு ஓடிவருவதற்குள் அது படம் பிடித்திருக்கும்.

அந்த வீட்டில் நேரம் தேவைப்பட்ட இன்னொரு ஆள் பூங்கனி, தங்கமாரியப்பனின் தங்கை. டிகிரி முடித்திருந்தாள், மதுரையில் ஒரு கல்லூரியில் பி.எட். படிக்க இடம் கிடைத்திருந்தது, விண்ணப்பம் போட்டுக் கொடுத்தவளே செண்பகவல்லிதான். கல்லூரி திறப்பதற்குள் மகளை ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று ஆவுடைத்தங்கம் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தாள். இதில் பூங்கனிக்குத் துணையாக இருந்தது ஒன்றே ஒன்று, ராகு காலம். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னறையில் உட்கார்ந்திருப்பார்கள், பூங்கனி உள்ளே சேலையைக் கட்டி அவிழ்த்து மறுபடி கட்டி, பூவை வைத்து எடுத்து மறுபடி வைத்து, காபியை ஆற்றி ஆற்றி அதைப் பச்சைத்தண்ணீராக்கி, அவள் வெளியே வருவதற்குள் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் யாராவது கடிகாரத்தைப் பார்த்துவிடுவார். ராகு காலம் பிறந்துவிட்டது, இனிமேல் பேச்செடுக்க வேண்டாம் என்பார். பேச்செடுக்கக் கூடாது, கிளம்பவும் கூடாது, ஆகவே எல்லாரும் அது முடிகிறவரைக்கும் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டு பொதுவாகப் பேசிக்கொண்டிருப்பார்கள், அப்படிப் பொதுவாகப் பேசும்போதுதான் மாப்பிள்ளையின் முதல் கல்யாணமோ, மாமனாரின் கேஸோ, எதுவோ ஒன்று வாய் தவறி வெளியே வரும். இதுவரை வந்த வரன்களெல்லாம் அந்தப் பஜ்ஜியோடு கரைந்து போனவைதான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. பிராட்லியிடம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பைத் திறந்து விட வேண்டும், அதற்குள் ஒரு நாயின் மெத்தை இன்னொரு நாய்க்குப் போய்ச் சேர்ந்துவிட்ட புகாருக்குப் பதில் எழுத வேண்டும், அடுப்பில் குக்கர் இருக்கிறது. செண்பகவல்லி மவுஸில் கை வைத்த நேரம் பார்த்து ஆவுடைத்தங்கம் அறை வாசலில் வந்து நின்று, ராகு காலம் பிறந்துவிட்டது, இப்போது போய்ப் புதுசாக ஒன்றைத் தொடங்கினால் விளங்காது என்றாள். எப்போதும் சொல்வதுதான், ஆனால் அன்றைக்குச் செண்பகவல்லிக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

"தெனமும் ஒன்றரை மணி நேரத்தச் சும்மா போடுதீங்களே அத்தை. உங்களுக்கு வேண்டாம்னா எனக்காவது குடுங்க."

"எடுத்துக்கோட்டி. இந்த வீட்டு ராகு காலம் பூராத்தையும் நீயே வச்சுக்கோ. யாருக்கு வேணும் அது."

சொல்லி வாயை மூடியபோது ஆவுடைத்தங்கத்துக்கு மணி பன்னிரண்டு. அதற்குள்ளாகவா என்று கேட்டுக்கொண்டே ரசத்துக்குப் புளி கரைக்கப் போனாள். செண்பகவல்லியின் திரையிலோ, பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில், மணியே போடாத புதுக் கட்டங்கள் கத்திரிப்பூ நிறத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக முளைத்திருந்தன, வீட்டில் இருக்கிற ஆளுக்கு ஒன்று. அவள் வகுப்பைத் திறந்தாள், நாய்களைச் சமாதானப்படுத்தினாள், தேங்கிக் கிடந்த மெயில்களையெல்லாம் முடித்தாள், மேஜையில் தலை வைத்து ஒரு தூக்கம் போட்டாள், எழுந்து பார்த்தபோது குக்கர் அடிக்கத் தொடங்கியிருந்த விசில் அப்போதுதான் முடிந்து கொண்டிருந்தது. போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பச்சைக் கட்டத்தைத் தொடங்கினாள்.

ராகு காலத்தைக் கழித்துவிட்டதில் உடம்பே லேசாக இருக்கிறது என்று ஆவுடைத்தங்கம் மாவு மில்லில் நின்று சொன்னாள். அதற்குமேல் தெருவுக்கு என்ன வேண்டும். மறுநாளே பக்கத்து வீட்டார் வந்தார்கள், அதற்கு மறுநாள் எதிர்வீட்டார், அப்புறம் வரிசை நின்றது. சிலர் முறைப்படி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தாரை வார்த்துக் கொடுத்தார்கள், சிலர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள், இரண்டுமே வந்து சேர்ந்தன. கொடுத்த வீட்டுக்கு அந்த நேரம் வந்ததும் கடிகார முள் ஒரே எட்டில் தாண்டிக் குதிக்கும். தொடக்கத்தில் ஊற்றிய காபியை முடிவில் குடிப்பார்கள், சூடு குறைந்திருக்காது. அந்த நேரத்தில் தெருவுக்குள் கால் வைக்கிற வெளியாட்களுக்கும் அதே கதிதான், பால்காரர் முதல் வீட்டில் மணியடித்துவிட்டு நிமிர்ந்தால் வெயில் இடம் மாறியிருக்கும், அவரும் சரி என்று அடுத்த வீட்டுக்குப் போவார்.

வழக்குகளும் வராமல் இல்லை. குடியிருக்கிறவர் கொடுத்துவிட்ட ராகு காலம் தனக்குச் சேர வேண்டியது என்று ஒரு வீட்டுச் சொந்தக்காரர் தெரு நலச் சங்கத்தில் முறையிட்டார். சங்கச் செயலாளர் திருமேனிநாதன், இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட், ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டு விசாரித்து, அறைகளுக்கு வருகிற ராகு காலம் வாடகைதாரருடையது, மாடிப்படிக்கு வருவது மட்டும் இருவருக்கும் பொது என்று தீர்ப்புச் சொன்னார். ஞானப்பிரகாசி டீச்சர் தங்கள் மதத்தில் அதெல்லாம் கிடையாதென்றும், இருந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லி அனுப்பினார். இருந்தது. மற்ற வீடுகளிலிருந்து வந்ததைவிட நல்ல நிலைமையிலும் இருந்தது, ஏனென்றால் அவர்கள் அதைத் தினமும் புழங்கியிருந்தார்கள்.

ரொம்பவும் நொந்து போனவர் தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சாமியடியான். பேர் அப்படியென்றாலும் ஆள் பழுத்த பகுத்தறிவுவாதி, கல்யாணம் முடித்ததும் வீடு குடி புகுந்ததும் பல்லைப் பிடுங்கிக்கொண்டதும் ராகு காலத்தில், அதுவும் நாலு பேர் பார்க்க. அவர் மனைவி தன்னுடையதைக் கொடுத்த கையோடு அவருடையதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள். இனிமேல் எதை எதிர்த்து ஒரு காரியம் செய்வது என்று தெரியாமல் மனிதர் கொஞ்ச நாள் சட்டை பட்டன் போடாமல் அலைந்தார், அப்புறம் பக்கத்துத் தெருவின் ராகு காலத்துக்குப் போய் அங்கேயிருந்த கடையில் பல்பு வாங்கிக்கொண்டு வந்தார்.

திருமேனிநாதன் தெரு முனையில் 'ராகு காலம் இல்லாத தெரு' என்று பிளக்ஸ் வைத்தார், அதில் ராகு காலத்தைவிட அவர் படம் பெரிதாக இருந்தது. வீட்டுத் தரகர்கள் வீடு தேடுகிற கட்சிகளைக் கூட்டி வந்து காட்டினார்கள். எந்த நேரமும் நல்ல நேரம் என்பதால் எல்லாரும் எந்த நேரமும் எதையாவது தொடங்கிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் ஒவ்வொருவருக்காகச் சில இடைஞ்சல்கள் தெரிய வந்தன. ராகு காலம் முடியட்டும் அளவெடுக்கிறேன் என்று சொல்லியே வருஷக்கணக்கில் காலம் தள்ளிய டெய்லருக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போய், வாங்கிப் போட்ட துணியையெல்லாம் தைக்க வேண்டியதாகிவிட்டது. சண்டையில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிற புருஷனிடம் ராகு காலத்தில் வாசலைத் தாண்டாதீர்கள் என்று பெண்டாட்டி சொல்வாள், அவரும் முணங்கிக்கொண்டே வந்து உட்கார்வார், சாப்பாடு போட்டால் சாப்பிடுவார், அவ்வளவுதான் சண்டை. இப்போது தடுக்க ஒன்றும் இல்லாமல் கடைசி வீட்டுக்காரர் நிஜமாகவே கிளம்பித் திருப்பூருக்குப் போய்விட்டார், அங்கே இறங்கிய பிறகுதான் தான் வர நினைக்கவில்லை என்பது அவருக்கே தெரிந்தது. இதையெல்லாம் யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது மரியாதை இல்லை என்று இருந்தார்கள், இரண்டொருவர் எமகண்டத்தையும் குளிகையையும் வேறு கொண்டுவந்து, இதையும் வைத்துக்கொள் என்றார்கள்.

செண்பகவல்லி அதை மட்டும் வேண்டாமென்று சொல்லிவிட்டாள், இருப்பதையே அவளால் முடிக்க முடியவில்லை. தெரு முழுவதின் ராகு காலமும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு அவள் அறைக்குள் வந்தது. வெளியே ஒன்றரை மணி நேரம் ஆவதற்குள் அவளுக்கு உள்ளே நாட்கணக்கில் ஆகும். அதற்குள் அவளுக்குப் பசிக்கும், சாப்பிடுவாள், தூக்கம் வரும், தூங்குவாள், நகம் வளரும், வெட்டுவாள், மறுபடி பசிக்கும். கதவைத் திறந்து வெளியே வருகிற மருமகளின் முன்நெற்றியில் வாரத்துக்கு வாரம் வெள்ளை கூடிக்கொண்டு போவதைப் பார்த்து, எங்கள் பக்கத்தில் யாருக்கும் இப்படி இல்லை, உங்கள் அம்மா வழியாக இருக்கும் என்று ஆவுடைத்தங்கம் சொன்னாள்.

பிராட்லிக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. முந்தின நாள் சொன்ன வேலை மட்டுமல்ல, மறுநாள் சொல்லவிருந்த வேலையும் முடிந்து வந்தது. படம் பிடிக்கிற செயலி மூச்சு வாங்கி இரண்டு தடவை நின்றே போனது. எப்படி முடிகிறது என்று அவர் ஒரு தரமும் கேட்கவில்லை, மனநிலைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று தன் மாணவர்களுக்குச் செண்பகவல்லியை உதாரணம் காட்டிப் பேசினார், அந்தப் பேச்சையும் அவளே எழுதிக் கொடுத்தாள். சம்பளம் அப்படியே இருக்க, தன் நண்பர்கள் மூன்று பேரின் காலண்டர்களையும் அவளிடம் தள்ளிவிட்டார். நேரத்தைச் சேமித்தால் அது யாருக்குப் போய்ச் சேரும் என்பது அவருடைய பாடத்தில் எந்த அத்தியாயத்திலும் இல்லை.

இந்த நேரத்தில்தான் அருப்புக்கோட்டையிலிருந்து கிருபாகரன் வந்தான். மோட்டார் பம்ப் வியாபாரம், ஒரே பையன், கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை, ஒரு நிமிஷத்தை வீணாக்க மாட்டான் என்று அவன் தாய்மாமா சொன்னார், சொல்லும்போதே அவனுடைய கைக்கடிகாரம் அதிர்ந்து அவனை எழுந்து நிற்கச் சொல்லியது, எழுந்து நின்றான். பெண்ணிடம் அவன் கேட்டது ஒரே கேள்வி, உன் நாளை எப்படித் திட்டமிடுகிறாய். எழுந்திரிப்பேன், அப்புறம் வருவதைப் பார்ப்பேன் என்றாள் பூங்கனி. அதைச் சரிசெய்துவிடலாம் என்று அவன் எல்லாருக்குமாகச் சிரித்தான். அன்றைக்கும் வெளியே வருமுன் அவள் சேலையை மூன்று தரம் கட்டியிருந்தாள், காபியை ஆற்றியிருந்தாள், உள்ளே திரும்பிப் போன பிறகும் ராகு காலம் இதோ வந்துவிடும் என்று கதவிடுக்கில் கடிகாரத்தையே பார்த்தாள். முள் தாண்டிக் குதித்தது. பெரியவர்கள் ஒரு வாக்கியத்தின் பாதியிலிருந்து மறு பாதிக்கு வழுக்கிக்கொண்டு போய், வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தட்டு மாற்றிக்கொள்வது என்று முடித்துவிட்டார்கள். அருமையான தெரு, நம் கொள்கைக்கு ஏற்ற தெரு என்று கிருபாகரன் போகும்போது பிளக்ஸைப் படம் எடுத்துக்கொண்டான். அந்த ஞாயிற்றுக்கு அடுத்த நாள் திங்கட்கிழமை மதுரையில் கல்லூரி திறக்கிறது என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

ஞாயிறு சாயங்காலம். முன்னறையில் பாய் விரித்து மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்தாகிவிட்டது, தங்கமாரியப்பன் வேட்டி கட்டிக்கொண்டு எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான், அடுக்களையில் பஜ்ஜி வெந்துகொண்டிருந்தது. செண்பகவல்லி பின்கட்டு அறையில் இருந்தாள். அன்றைக்குத்தான் பிராட்லி தன் புதிய வகுப்பை உலகத்துக்கு நேரலையில் திறக்கிறார், பல நாட்டுக்காரர்கள் காத்திருக்கிறார்கள், ஆட்களை உள்ளே விடுவதும் கேள்விகளுக்குப் பதில் அடிப்பதும் அவர் பேசப் பேசப் படங்களைத் தள்ளுவதும் அவள். அதற்காகத் தெருவின் ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் மொத்தத்தையும் மஞ்சள் அடித்து வைத்திருந்தாள். தட்டு மாற்றும்போது கூப்பிடுங்கள் வந்து நின்றுவிட்டுப் போகிறேன் என்று மாமியாரிடம் சொல்லியிருந்தாள், அதற்கும் சின்னதாக ஒரு கட்டம் இருந்தது.

பூங்கனி பட்டுச் சேலையோடு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். அழவில்லை, அழுதிருந்தால் செண்பகவல்லிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மதினி, என் ராகு காலத்த உங்களுக்கு யாரு குடுத்தா?"

"அத்தைதான். வீட்டுக்குப் பூராச் சேத்துக் குடுத்தாங்க."

"எங்கிட்ட யாரும் கேக்கலியே."

கேட்கவில்லைதான். தெருவில் இத்தனை வீட்டுக்காரர்கள் வந்து தாங்களாகக் கொடுத்ததை வாங்கிக்கொண்டவள், சொந்த வீட்டில் இருப்பவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விண்ணப்பம் போட்டுக் கொடுத்த அதே கையால், அந்தப் பெண்ணிடம் இருந்த ஒரே நேரத்தை எடுத்து, ஆஸ்திரேலியாவில் பல் விளக்க நேரமில்லாத ஒருவனுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறோம் என்று செண்பகவல்லிக்குத் தோன்றியது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அப்புறம் கோபம் வந்தது, முதலில் பிராட்லி மேல், அப்புறம் மாமியார் மேல், சுற்றி வந்து கடைசியில் தன் மேலேயே நின்றது.

திரையில் பிராட்லி தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, ஆரம்பிக்கலாமா என்று கேட்டார். மணி நாலரைக்கு வந்துகொண்டிருந்தது. செண்பகவல்லி அந்தக் கட்டங்களைத் திறந்து, பூங்கனியுடைய ஒன்றரை மணி நேரத்தை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்து அவளிடம் கொடுத்தாள், பின்வாசல் வழியாகப் போ, மதுரை பஸ் நின்றால் ஏறிவிடு, சேலையைப் போய் மாற்றிக்கொள் என்றாள். மிச்சமிருந்த தெருவின் ராகு காலம் முழுவதிலும் பிராட்லியின் பேரை அழித்தாள். நிச்சயமாக நீக்கவா என்று லேப்டாப் கேட்டது, ஆமாம் என்று அமுக்கினாள். ஆளில்லாமல் நின்ற அந்தக் கட்டத்தில், இடம் என்று கேட்ட பக்கத்தில், எங்கள் வீட்டு முன்னறை என்று அடித்துவிட்டு லேப்டாப்பை மூடினாள்.

முன்னறையில் தாய்மாமா இரண்டு கையாலும் தட்டைத் தூக்கி நீட்டியிருந்தார், ஆவுடைத்தங்கம் வாங்குவதற்குக் கையை நீட்டியிருந்தாள், நடுவில் ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது. அந்த இடைவெளியில் வந்து விழுந்தது ராகு காலம். தாய்மாமாவுக்குப் பழக்க தோஷம், கண் தானாகக் கடிகாரத்துக்குப் போனது. நாலரை. அவர் தட்டை மெதுவாகப் பாயில் வைத்தார்.

"பொறந்துட்டே. சரி, முடியட்டும். முடிஞ்சதும் மாத்திக்கிருவோம்."

முடியவில்லை. ஒரு வீட்டுடையது முடிந்தால் அடுத்த வீட்டுடையது தொடங்கியது, அதற்கு அப்புறம் மாடி வீட்டுடையது, பிறகு மாடிப்படியுடையது. முள் அசைகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கண் வலித்ததுதான் மிச்சம். கிளம்பலாம் என்றால் ராகு காலத்தில் கிளம்பக் கூடாது. பேசி முடிக்கலாம் என்றால் நல்ல பேச்சுப் பேசக் கூடாது. ஆகவே பஜ்ஜி சாப்பிட்டார்கள், பொதுவாகப் பேசினார்கள், மறுபடியும் பஜ்ஜி சாப்பிட்டார்கள், படுத்துத் தூங்கினார்கள், எழுந்து பார்த்தார்கள், நாலரைக்கு மேல் ஒரு மயிரிழை. செண்பகவல்லி வந்து கதவோரமாக உட்கார்ந்தாள். பின்கட்டில் பிராட்லி அழைக்கிற போன் ஒரே மணியை இழுத்து இழுத்து அடித்துக்கொண்டிருந்தது, அதை எடுப்பதற்கு அவள் எழுந்திருக்கவில்லை.

கிருபாகரன் முதலில் காலையில் எப்படி எழுந்திருக்க வேண்டும் என்று சொன்னான். பிறகு எப்படிப் படுக்க வேண்டும் என்று சொன்னான். கல்யாணத்துக்கு அப்புறம் பூங்கனியின் நாளை எப்படிப் பிரிக்கப் போகிறான், எந்த நேரத்தில் அவள் தன் அம்மாவுக்குப் போன் பேசலாம், எவ்வளவு நேரம் பேசினால் போதும் என்றெல்லாம் சொன்னான். எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகும் ராகு காலம் மிச்சமிருந்தது, ஆகவே முதலிலிருந்து சொன்னான். அவனுக்குத் தாடி முளைத்தது. தாய்மாமாவும் அவன் அம்மாவும் பூர்விக வீடு ஒன்றைப் பற்றிப் பொதுவாகப் பேசத் தொடங்கி, சண்டை போட்டு, பேசாமல் இருந்து, சமாதானமாகி, மறுபடியும் சண்டை போட்டார்கள். இது எப்போது முடியும் என்று கிருபாகரன் செண்பகவல்லியைக் கேட்டான், தெருவில் எல்லாருடையதும் முடிய வேண்டும் தம்பி, சட்னி வைக்கட்டுமா என்றாள். கைக்கடிகாரம் அவனை எழுந்து நிற்கச் சொல்லி அதிர்ந்துகொண்டே இருந்து, ஒரு கட்டத்தில் சார்ஜ் தீர்ந்து அடங்கியது. அதற்குப் பிறகு அவனுக்குப் பேச ஒன்றும் இல்லை. பேச்சில்லாத அந்த மாப்பிள்ளையை ஆவுடைத்தங்கம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள், அவளுக்கு வேறு பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

வெளியே ஒன்றரை மணி நேரம்தான். பூங்கனி சுடிதாருக்கு மாறி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகச் சுற்றி வந்தபோது தெருவில் ஆளே இல்லை, எல்லாரும் அந்த நேரத்தைத் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தார்கள், திறந்த கதவுகளும் காய்கிற துணிகளும் மட்டும் இருந்தன. தெரு முழுவதும் நேரம் கையில் இருந்தது அவள் ஒருத்தியிடம்தான். அவசரப்படாமல் நடந்து போனாள். பஸ் நின்றது.

ஆறு மணி அடித்தபோது முன்னறையில் யாருக்கும் தட்டு ஞாபகம் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். தாய்மாமாதான் பெரிய மனிதராயிற்றே என்று, மற்றதை எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்புக்குக் கேட்டார். சொல்லி அனுப்புகிறோம் என்றாள் ஆவுடைத்தங்கம். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும், பழத்தட்டைத் தூக்கிக்கொண்டு வேனில் போய் ஏறினார்கள், தங்கமாரியப்பன் வாசல்வரை போய்ச் சிரித்துவிட்டு வந்தான். மறுநாளிலிருந்து கிட்டங்கித் தெருவுக்கு அவரவர் ராகு காலம் அவரவரிடம் திரும்பி வந்துவிட்டது, ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, திருமேனிநாதன் மட்டும் பிளக்ஸில் தன் படத்தை விட்டுவிட்டு எழுத்தை மாற்றினார். செண்பகவல்லியை வேலையிலிருந்து நீக்குவதாகப் பிராட்லி எழுதிய கடிதம் வந்தது, அதில் பிழை மலிந்திருந்தது, திருத்தி அனுப்ப ஆள் இல்லை.

அதெல்லாம் அப்புறம். அன்றைக்கு வேன் கிளம்பிப் போனதும் ஆவுடைத்தங்கம் பாயில் உட்கார்ந்தபடியே மருமகளைப் பார்த்தாள்.

"பூங்கனி எங்க?"

"சாத்தூர் தாண்டி, விருதுநகரும் தாண்டியிருப்பா அத்தை. நாளைக்குக் காலேஜு."

"எப்பக் கெளம்புனா?"

"நாலரைக்கு."

ஆவுடைத்தங்கம் கடிகாரத்தைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், கடைசியாக ஆறிக் கிடந்த பஜ்ஜியைப் பார்த்தாள். செண்பகவல்லி வசவுக்குத் தயாராக இருந்தாள், வாங்கிக்கொள்ள வேண்டும் என்றே இருந்தாள். அத்தனை வீட்டு ராகு காலத்தையும் ஒரே மூச்சில் உட்கார்ந்து தீர்த்த மாமியாரிடம் வசவு மிச்சம் இல்லை போலிருக்கிறது.

"ராகு காலத்துலயா கெளம்புனா" என்றாள் ஆவுடைத்தங்கம். "அப்ப யாரும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுளா. அவளத் தடுக்கணும்னா நாமளும் ராகு காலத்துலல்லா கெளம்பியிருக்கணும்."